போல்ட்டில் பொறித்த எண்

வீரபாண்டியில் நான் குடியிருக்கும் வீதிக்குப் பின்னால் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் அங்கே ஓவர்லாக் மிஷின் ஒன்றில் லூப்பர் உடைந்துபோக, மெக்கானிக் இல்லாத நேரத்தில் சூப்பர்வைசரே கடையில் வாங்கிய வேறொன்றை மாட்டியிருக்கிறார். வடிவம் அதேதான், திருகும் சரியாக உட்கார்ந்தது. ஊசிக்கும் லூப்பருக்கும் இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஊசி மோதித் தெறித்து, தைத்துக்கொண்டிருந்த அக்காவின் புருவத்தில் ஏறியது. "மாட்டுறது வேறைங்க, பொருந்துறது வேறைங்க" என்றார் மறுநாள் வந்த மெக்கானிக். அவர் சொன்ன வேறுபாட்டின் வரலாறு துப்பாக்கிப் பட்டறைகளுக்குள் கிடக்கிறது.

1785இல் பாரிசில் ஓனோரே பிளாங்க் என்ற கம்மியர் மஸ்கட் விசைகளின் பாகங்களை ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார். அமெரிக்கத் தூதராயிருந்த ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில விசைகளைப் பூட்டிப் பார்த்து, வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். 1801இல் எலி விட்னி வாஷிங்டனில் இதே வித்தையைக் காட்டிப் பெயர் பெற்றார். பிற்காலத்தில் விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராததைக் கண்டார்கள். ஆனாலும் பாடப்புத்தகங்களில் தந்தை அவர்தான்! மெய்யாகவே செய்துகாட்டியவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் 1820களில் வேலைசெய்த ஜான் ஹால். எந்திரங்களோடு, ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கும் அளவுகருவிகளையும் அவர் உருவாக்கினார்.

போர்க்களத்தில் பழுதுபார்க்கும் வசதிக்காகவே அரசு இதை விரும்பியது என்பார்கள். பாதி உண்மை. அரம் பிடித்துப் பொருத்தும் கம்மியரின் கையிலிருந்து வேலையைப் பிடுங்குவது மறு பாதி. கம்மியர்களுக்கு இது விளங்காமலில்லை. 1842இல் ராணுவ ஒழுங்கும் கடிகார நேரமும் திணிக்கப்பட்டபோது வேலையை நிறுத்திவிட்டு, கால்வாய்ப் படகேறி வாஷிங்டன் போய் ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டார்கள். (டைலர் அவருடைய பெயர், நம்மூர் டைலர் அல்ல.) ஆயுதசாலையின் இந்த முறையே பிறகு தையல் மிஷின் தொழிற்சாலைகளுக்குப் போனது. ஆனால் சிங்கர் கம்பெனி 1880கள் வரை பாகங்களைக் கையால் அராவித்தான் பொருத்திவந்தது என்பதைக் கவனங்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியிலும் அரம் முற்றாக ஒழிந்துவிடவில்லை, மிக ஆபத்தான இடத்தில் தங்கிக்கொண்டது. போல்ட்டைப் பூட்டியபின் அதன் முகத்துக்கும் தோட்டா தங்கும் இடத்துக்கும் இடையே அளந்த இடைவெளி உண்டு. அது கூடினால் வெடிக்கையில் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். குறைந்தால் போல்ட் பூட்டாது. இதைச் சோதிக்க இரண்டு கேஜ்கள்: ஒன்றின்மேல் போல்ட் மூடவேண்டும், மற்றதன்மேல் மூடக்கூடாது. இஷாபூர் தொழிற்சாலை செய்து, நம் போலீஸ்காரர்கள் தலைமுறைகளாகச் சுமந்த .303 ரைபிளில் போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். இந்த ஜோடியைப் பிரிக்காதே என்று பொருள். 1960களில் அதே இஷாபூர் 7.62 மி.மீ. தோட்டாவுக்கான 2ஏ1 ரைபிளைச் செய்தது. தோற்றம் அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே எஃகு வேறு, அழுத்தம் வேறு. ஒன்றின் போல்ட்டை மற்றதில் நுழைத்தால்? மாட்டும் என்பதுதான் ஆபத்து.

பாகம் மாற்றும் ரைபிள் என்ற இன்றைய சொல்லாடல் இந்தப் பழைய கதையை மறைத்துவிடுகிறது. 5.56 குழலையும் 7.62 குழலையும் மாற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு இந்திய ராணுவம் 2011இல் டெண்டர் விட்டு 2015இல் ரத்துசெய்தது. இவ்வகை ரைபிள்கள் பலவற்றில் போல்ட் நேரே குழலின் வால்பகுதியிலேயே பூட்டிக்கொள்கிறது. ஆகவே குழலை மாற்றுவது சுலபம்தான். ஆனால் தேய்ந்த குழலோடு வேறொரு போல்ட்டைச் சேர்த்தால் மறுபடி கேஜ்தான். அமெரிக்காவில் .300 பிளாக்அவுட் என்றொரு தோட்டா வந்தது, 5.56க்கு உள்ள மேகசினும் போல்ட்டும் இதற்கும் போதும், குழல் மட்டும் வேறு. இந்தத் தோட்டா தவறி 5.56 குழலுக்குள் போனால் பெரிய குண்டு சின்னத் துளையில் சிக்கி, துப்பாக்கியே வெடித்துவிடும். எல்லாம் எதிலும் பொருந்தும் என்ற வாக்குறுதி, பொருந்தாததும் உள்ளே நுழையும் வழியைத் திறந்துவைக்கிறது.

அப்படியானால் கேஜைப் பிடித்திருப்பவர் யார், 'ஓட்டாதே' என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உள்ளிட்ட அரசு ஆயுதசாலைகள் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாக்கப்பட்டன. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டம் மாற்றத்துக்கு முன்பே, அதே ஆண்டில், வந்துவிட்டது. ஓராண்டுக்கான சட்டம்தான், காலாவதியாகிவிட்டது. வாய்மூடச் செய்யவேண்டிய ஆண்டும் அதுதானே!

நம்மூர் கம்பெனியில் மெக்கானிக் வேலை இப்போது கான்ட்ராக்ட், மூன்று கம்பெனிக்கு ஒருவர். அந்த அக்கா இன்னும் அங்கேதான். லூப்பர் மாற்றினால் அவர் வந்து பார்க்கிறவரைக்கும் மிஷினைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காத்திருக்கும் நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் காசு கிடையாது.