பேரரசை மறந்த கோட்பாடு: பன்னாட்டு உறவுகள் துறையின் பிறப்புக் கதை குறித்து

பன்னாட்டு உறவுகள் பயில வரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு வம்சாவளி சொல்லித் தரப்படுகிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரில் டேவிட் டேவிஸ் குடும்பத்தின் நன்கொடையால் இத்துறைக்கான முதல் பேராசிரியர் இருக்கை அமைந்தது. அக்காலத்து அறிஞர்கள் சட்டத்தாலும் நாடுகளின் சங்கத்தாலும் போரை ஒழிக்கலாம் என்று நம்பிய இலட்சியவாதிகள். ஹிட்லரின் எழுச்சி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்க, 1939இல் இ. எச். காரும் 1948இல் ஹான்ஸ் மார்கெந்தாவும் எழுதிய நூல்களோடு யதார்த்தவாதம் அரியணை ஏறியது. 1979இல் கென்னத் வால்ட்ஸ் அதைக் கட்டமைப்புக் கோட்பாடாக இறுக்கினார். பொருளாதாரப் பிணைப்பைப் பேசிய தாராளவாதிகள் எதிர்நின்றனர். பனிப்போர் முடிந்த வேளையில் அலெக்சாண்டர் வென்ட் முதலியோரின் சமூக ஆக்கவாதம் சேர்ந்துகொண்டது. பாடம் நடத்த வசதியான கதைதான். ஆனால் இத்துறை பிறந்தபோது அதன் கண்முன் நின்ற மிகப் பெரிய அரசியல் உண்மையான பேரரசு இதில் எங்குமே தென்படுவதில்லை. அந்த மறதி தற்செயலாக நேர்ந்த விடுபடல் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வந்த கோட்பாடுகள் எதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டன என்பதையே அது தீர்மானித்தது.

தொடக்ககாலச் சான்றுகள் வெளிப்படையானவை. அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடி இதழ் 1910இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது அதன் பெயர் ‘இன வளர்ச்சி இதழ்’. 1919இல் அது ‘பன்னாட்டு உறவுகள் இதழ்’ என்று பெயர் மாறி, 1922இல் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ ஆயிற்று. அபரிஸ்ட்வித் இருக்கையின் முதல் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜிம்மர்ன் 1926இல் வெளியிட்ட நூல் பிரிட்டிஷ் பேரரசு காமன்வெல்த்தாக உருமாறுவதைப் பற்றியது. போரில் தோற்ற நாடுகளின் காலனிகளை வென்ற நாடுகளின் பொறுப்பில் விட, நாடுகளின் சங்கத்துக்குப் பொறுப்பாட்சித் திட்டத்தை வகுத்தவர்களில் முதன்மையானவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். அத்திட்டத்தின்படி தென்மேற்கு ஆப்பிரிக்கா தென்னாப்பிரிக்காவின் கைக்கே போனது. அதே 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் இனச் சமத்துவ வாசகத்தை ஜப்பான் முன்வைத்தபோது, சங்கத்தின் சாசனத்தை வரைந்த ஆணையத்தின் 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தும், ஒருமித்த முடிவு இல்லை என்று கூறி, தலைமை வகித்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அதை நிராகரித்தார். புதிய துறை தன் பெயரைப் பெற்ற ஆண்டும் இதுதான்.

இலட்சியவாதி என்று பின்னாளில் முத்திரை குத்தப்பட்டவர்களில் லியனார்ட் வுல்ஃப் தனியே பார்க்கத்தக்கவர். 1904இல் பிரிட்டிஷ் அதிகாரியாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றி, ஆட்சி இயந்திரத்தை உள்ளிருந்தே கண்டு வெறுத்து வெளியேறியவர். ஃபேபியன் சங்கத்துக்காக அவர் தயாரித்து 1916இல் வெளியான பன்னாட்டு அரசாங்கம் பற்றிய ஆய்வு கனவுகளின் தொகுப்பாக இல்லை. உலகத் தபால் ஒன்றியம் போல அப்போதே இயங்கிவந்த அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று அது ஆராய்ந்தது. 1920இல் வெளிவந்த ஆப்பிரிக்கா பற்றிய நூலிலோ, ஐரோப்பிய அரசுகள் அக்கண்டத்தைப் பங்கிட்ட முறையை வர்த்தகப் புள்ளிவிவரங்களோடும் அரசு ஆவணங்களோடும் ஒப்பிட்டு, வணிக நோக்கம் அரசின் கொள்கையாக மாறும் வழிகளைக் காட்டினார். அவரிடம் குறை இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மக்கள் தம்மைத் தாமே ஆள இன்னும் பக்குவப்படவில்லை என்ற காலனிய நினைப்பை அவராலும் முழுதாக உதற முடியவில்லை. ஆனாலும் அதிகாரத்தைப் பற்றி ஒன்றும் அறியாத அப்பாவி என்று இவரைச் சொல்வதற்கு, இவரைப் படிக்காமல் இருந்தால்தான் முடியும்.

அத்தகைய அப்பாவிகளாக இலட்சியவாதிகளைக் கார் வரைந்த சித்திரம் நிலைத்துப்போனதற்கு அதன் கூர்மை ஒரு காரணம், காலம் இன்னொரு காரணம். போர் மூண்ட அதே மாதம் அவர் நூல் வெளியாயிற்று. முதற்பதிப்பில் ஹிட்லரோடு செய்த மியூனிக் உடன்பாட்டைச் சாதகமாக மதிப்பிட்ட பகுதிகள் போருக்குப் பிந்தைய பதிப்பில் காணாமற்போயின. யதார்த்தவாதியின் கணிப்பும் சூழலுக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதற்கு அது போதிய சான்று. 1998இல் பிரையன் ஷ்மிட், பீட்டர் வில்சன் ஆகியோர் இரு போர்களுக்கிடைப்பட்ட எழுத்துகளைத் தோண்டியெடுத்துப் படித்து, இலட்சியவாதிகளுக்கும் யதார்த்தவாதிகளுக்கும் இடையிலான ‘முதல் பெருவிவாதம்’ என்று சொல்லப்படுவது அப்படி நடக்கவே இல்லை, பிற்காலத்தவர் பின்னோக்கிப் புனைந்தது என்று வாதிட்டனர். 1954இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மார்கெந்தாவ், நீபூர், நிட்ஸே போன்றவர்களைக் கூட்டிப் பன்னாட்டு அரசியலுக்குத் தனிக் கோட்பாடு தேடியபோது, மையக் கேள்வி வல்லரசுகளின் அதிகாரப் போட்டியாக ஏற்கெனவே சுருங்கியிருந்தது. வால்ட்ஸ் அதற்கு இலக்கண வடிவம் கொடுத்தார்: அரசுகளுக்கு மேலே அரசு இல்லாத நிலை, வல்லமைப் பங்கீடு, அவ்வளவே. மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் வைத்து உலக அரசியலுக்குக் கோட்பாடு கட்டுவது நகைப்புக்குரியது என்று அவர் எழுதியது தற்செயலல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒரு கோட்பாடு எங்கே பிறந்தது, எதை மறந்தது என்பதால் அது தவறாகிவிடுமா? ஆகாது. வால்ட்ஸின் தருக்கத்தை அதன் பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மறதி அதன் முடிவுகளையே பாதித்திருக்கிறதா என்று சோதிக்கலாம். இருதுருவ உலகம் நிலைப்பு மிக்கது என்பது அவருடைய முக்கியமான முடிவு. அதே காலத்தில் கொரியாவிலும் வியட்நாமிலும் அங்கோலாவிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வல்லரசுகள் நேருக்கு நேர் மோதாததையே நிலைப்பு என்று கணக்கிட்டால் மட்டும் அந்த முடிவு தேறும். எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற தேர்வு, காலனிகளாக இருந்து விடுதலை பெற்ற நாடுகளின் போர்களை வெறும் ஓரக் குறிப்பாக ஆக்கிவிட்டது. 1945இல் 51 உறுப்பினரோடு தொடங்கிய ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 நாடுகள் உள்ளன. அந்த இடைவெளியில் நடந்த மாற்றத்தை விளக்க, வல்லமைப் பங்கீடு என்ற ஒற்றை மாறி போதுமானதாக இல்லை.

இரண்டாவது மறுப்பு இந்தியாவிலிருந்தே வரும்: அதிகாரச் சிந்தனை மேற்கின் சரக்கு அல்ல, கௌடில்யர் என்றோ சொன்னது என்று. உண்மை. 1905 வாக்கில் சாமசாஸ்திரி மைசூரில் கண்டெடுத்து 1909இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தைக் கொண்டு, வினய் குமார் சர்க்கார் ‘அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரிவியூ’ இதழில் இந்து பன்னாட்டு உறவுக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதியது, வியப்பாக, 1919இல்தான். ஆனால் அவர் ஏன் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியர் மறுமை நாட்டமுள்ளவர், அரசியல் அறியாதவர் என்ற காலனியத் தீர்ப்புக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மேலும் அவர் அதில், அண்டை அரசுகளைப் பகை, நட்பு வளையங்களாகக் காணும் மண்டலக் கோட்பாட்டோடு சேர்த்து, அனைவருக்கும் மேலான பேரரசனைக் குறிக்கும் சார்வபௌமன் என்ற கருத்தையும் விளக்கினார். வெற்றி நாடும் அரசனான விஜிகீஷுவின் இலக்கு சமமான இறையாண்மைகளின் சமநிலை அல்ல, எல்லோரையும் தனக்குக் கீழ் நிரல்படுத்துவது. ஆகவே கௌடில்யரைக் காட்டி வால்ட்ஸை மெய்ப்பிப்பவர்கள், அர்த்தசாஸ்திரத்தில் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

பேரரசு பற்றிய அந்த விடுபட்ட கேள்வி முற்றாக அழிந்துவிடவில்லை. துறையின் வாசலுக்கு வெளியே அது வளர்ந்தது. மூலப்பொருள்களின் விலை, தொழிற்பொருள்களின் விலையோடு ஒப்பிடுகையில் தொடர்ந்து சரிகிறது என்று 1949இல் பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ் வாதிட்டபோது, ஏழை நாடுகளின் வறுமைக்குப் பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதே காரணம் என்னும் சார்புநிலைக் கோட்பாட்டின் விதை விழுந்தது. 1974இல் புதிய பன்னாட்டுப் பொருளாதார ஒழுங்கைக் கோரி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றும்வரை அக்கருத்து பயணித்தது. பெரும்பாலான பாடநூல்களில் இது ‘மார்க்சியம்’ என்ற கடைசி அத்தியாயத்தில் சில பக்கங்கள். 2007இல் அமிதாவ் ஆச்சார்யாவும் பாரி புஸானும் மேற்கு அல்லாத கோட்பாடு ஏன் இல்லை என்று கேட்டபின், சீனத்தின் ‘தியான்ஷியா’ (வானத்தின் கீழுள்ள அனைத்தும்) போன்ற மாற்றுகள் பேசப்படுகின்றன. அவையும் ஒரு பேரரசின் மையத்திலிருந்து உலகைப் பார்க்கின்றன. காங்கோவின் கோபால்ட்டுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று கேட்க, வுல்ஃபின் 1920ஆம் ஆண்டு நூலுக்குத் திரும்புவதே இப்போதைக்கு அதிகம் பயன் தருகிறது.