பழங்கருவியும் புதுமொழியும்



வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அவை பிறக்கின்றன, உழைக்கின்றன, மறக்கப்படுகின்றன. மறக்கப்பட்ட ஒரு கருவியை மீண்டும் பேச வைத்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து ஐ.எஸ்.இ.இ.-3 என்னும் விண்கலம் ஏவப்பட்டது. பூமியிலிருந்து சூரியனை நோக்கிச் சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரண்டின் ஈர்ப்பும் ஒருவாறு இசைந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அவ்விடத்தைச் சுற்றிவந்த முதற்கலம் இதுவேயாகும். சூரியனிலிருந்து வீசும் மின்துகட் காற்றை அளப்பது அதன் பணி.

அப்பணி முடிந்தபின் ராபர்ட் ஃபார்குவர் என்னும் அறிஞர் அதற்கு வேறொரு வழி வகுத்தார். சந்திரனின் ஈர்ப்பைத் துணைக்கொண்டு கலத்தின் பாதை திருப்பப்பட்டது. 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அது ஜியாக்கோபினி-சின்னர் என்ற வால்மீனின் வாலினூடே புகுந்து சென்றது. ஒரு வால்மீனை அணுகிய முதற்கலம் என்னும் பெருமையும் அதனையே சார்ந்தது.

1997-ஆம் ஆண்டில் அதன் திட்டம் முடிக்கப்பெற்றது. சில ஆண்டுகளுள், அதனுடன் பேசுவதற்கென இருந்த பழைய ஒலிபரப்பிகளும் நாசா நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. கலமோ தன் பாதையில் சென்றுகொண்டே இருந்தது. 2008-ஆம் ஆண்டில் உற்றுக் கேட்டபொழுது, அது இன்னும் அலைபரப்பிக் கொண்டிருந்தமை தெரியவந்தது. அதன் பாதையின்படி 2014-ஆம் ஆண்டில் அது பூமியின் அருகே வரவேண்டும். ஆனால் அதற்குக் கட்டளையிடத் தக்க கருவி பூமியில் இல்லை!

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். இறந்தது கலமன்று, அதனுடன் பேசும் நம் ஆற்றலே இறந்தது. புதிதாய்க் கருவி செய்வதென்றால் பெரும்பொருள் வேண்டும் என்று நாசா கைவிட்டது.

அந்நிலையில் டென்னிஸ் விங்கோ, கீத் கவுயிங் ஆகிய இருவர் தலைமையில் ஒரு குழு முன்வந்தது. பொதுமக்களிடம் இணையத்தின் வழியே நன்கொடை வேண்டினர். ஒன்றரை இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014 மே மாதம் நாசாவும் ஓர் ஒப்பந்தம் செய்து இசைவளித்தது. தன் பயன்பாட்டினின்று நீங்கிய ஒரு கலத்தை இவ்வாறு பிறர் இயக்க நாசா உடன்பட்டது அதுவே முதன்முறை.

பழைய ஒலிபரப்பி இல்லாமல் கட்டளை அனுப்பியது எங்ஙனம்? முற்காலத்தில் வானொலி அலையை உருவாக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மின்சுற்று வேண்டும். வேலை மாறினால் சுற்றும் மாறவேண்டும். இக்காலத்திலோ அலையின் வடிவைக் கணிப்பொறியே எண்களாகக் கணக்கிடுகிறது. ஒரு சிறுபெட்டி அவ்வெண்களை உண்மையான அலையாக மாற்றுகிறது. வரும் அலையையும் அவ்வாறே எண்களாக்கித் தருகிறது. இதனை மென்பொருள் வானொலி என்பர். குனு ரேடியோ என்னும் பொதுமென்பொருள் இவ்வகையில் அக்குழுவுக்கு உதவிற்று. அகற்றப்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்த வேலையை எழுதப்பட்ட நிரல் செய்தது.

ஆனால் நிரல் எழுதுவோர்க்குப் பழைய மொழி தெரியவேண்டுமே! அக்கலத்தில் இக்காலத்துக் கணிப்பொறி போன்றது எதுவும் இல்லை; புதிய மொழியைக் கலத்துக்குக் கற்பிக்க இயலாது. ஆதலின் புதியதே பழையதன் மொழியைக் கற்கவேண்டியிருந்தது. எந்தக் கட்டளைக்கு எந்த எண்வரிசை என்பதைப் பழந்தாள்களில் தேடினர். ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் நாடினர்.

2014 மே 29-ஆம் நாள், போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் அகலமுள்ள பெருந்தட்டின் வாயிலாகக் கலத்துடன் இருவழித் தொடர்பு ஏற்பட்டதென்று குழுவினர் அறிவித்தனர். ஜூலை 2-ஆம் நாள் அதன் உந்துகருவிகள் 1987-க்குப் பின் முதன்முறையாக இயங்கின. நிமிடத்திற்கு 19.16 சுற்று எனத் தளர்ந்திருந்த கலத்தின் சுழற்சி 19.76 ஆக உயர்ந்தது. 36 ஆண்டு மூப்புடைய கருவி, புதிய நிரலின் சொற்கேட்டுப் பணிந்தது!

இதன் முடிவையும் மறைக்காமல் கூறுதல் என் கடமை. பாதையைத் திருப்ப ஜூலை 8-ஆம் நாள் செய்த முயற்சி பலிக்கவில்லை. எரிபொருளை உந்தித்தள்ள வேண்டிய நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருந்ததாகக் கருதப்பட்டது. ஆகஸ்டு 10-ஆம் நாள் கலம் சந்திரனைக் கடந்து சூரியனைச் சுற்றும் தன் வழியே சென்றது. செப்டம்பர் 16-ஆம் நாளுக்குப் பின் அதன் குரல் கேட்கவில்லை. அரெசிபோவின் பெருந்தட்டும் 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்தது.

அப்படியாயின் முயற்சி வீணா? வீணன்று என்பேன். நிரலால் ஒலிபரப்பியை மீண்டும் ஆக்கலாம். தீர்ந்த வாயுவை ஆக்க இயலாது. எது நம் கையில் உள்ளது, எது இல்லை என்பதை இம்முயற்சி தெளிவாக்கிற்று. வேறொன்றையும் கருதுங்கள். அப்பழந்தாள்கள் குப்பையில் வீசப்பட்டிருந்தால், எத்துணைத் திறமையான நிரலும் பயன்பட்டிராது.

ஆண்டு பலவாகப் பள்ளியில் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளைத் திருத்தியவன் நான். "செய்து முடித்த சோதனையை ஏன் ஐயா எழுதவேண்டும்?" என்று கேட்ட மாணவர் பலர். அக்கேள்விக்கு இக்கலத்தைக் காட்டிலும் நல்ல விடையை நான் அறியேன். நாளை உங்களுள் சிலர் கருவி செய்வீர்கள். சிலர் நிரல் எழுதுவீர்கள். செய்ததனை, பின்வருவோர்க்கு விளங்கும்படி எழுதி வையுங்கள். நீங்கள் செய்த கருவியோடு, நீங்கள் அறியாத ஒருவர் என்றேனும் பேச விரும்பக்கூடும்.