டோர்காவுக்குத் திரும்பிய மகன்: லுத்தர் இல்லத்தில் ஓர் அண்ணனின் துக்கம்

1542ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், விட்டன்பர்க் நகரில், மார்ட்டின் லுத்தரின் மகள் மகதலேனாள் தன் 13ஆம் வயதில் தந்தையின் கரங்களில் மரித்தாள். இந்நிகழ்ச்சியை நம்மில் அறியாதார் சிலரே. இங்கே இந்தத் தந்தையோடு தங்கியிருக்க விரும்புகிறாயா, அங்கே உன் பிதாவினிடத்திற்குப் போக விரும்புகிறாயா என்று அவர் கேட்டதும், கடவுளின் சித்தப்படியே ஆகட்டும் என்று அவள் மறுமொழி கூறியதும், தாயாகிய கத்தரீனாள் துயரம் தாளாமல் அதே அறையில் கட்டிலுக்குச் சற்றுத் தொலைவில் நின்றதும், பிரேதப் பெட்டியில் ஆணி அறையப்பட்டபோது லுத்தர் உயிர்த்தெழுதலை நினைப்பூட்டிப் பேசியதும் அவருடைய மேசைப் பேச்சுகளில் பதிவு பெற்றுள்ளன. சிறு பிள்ளைகளின் நல்லடக்கத்தில் நானும் பலமுறை இவற்றை எடுத்துரைத்திருக்கிறேன்.

ஆயினும் அவ்வில்லத்தில் அன்று துக்கித்தவர்களுள் வரலாறு அதிகம் கவனியாத ஒருவன் உண்டு. அவன் மகதலேனாளின் அண்ணன் ஹான்ஸ் என்னும் யோவான். 1526ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிறந்த மூத்த மகன். அவனுக்குப் பின் பிறந்த எலிசபெத்து எட்டே மாதத்தில், 1528 ஆகஸ்டில், மரித்துப்போனாள். மறு ஆண்டு மே மாதத்தில் மகதலேனாள் பிறந்தாள். இளைய மார்ட்டின், பவுல், மார்கரேத்தாள் ஆகிய மூவரும் அதன் பின்னரே பிறந்தனர். ஆகவே ஹான்சுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கூட விளையாடிய முதல் தோழி இத்தங்கையே எனலாம்.

1530ஆம் ஆண்டில் லுத்தர் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, நான்கு வயது ஹான்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றாய் ஜெபித்துப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஓர் அழகிய தோட்டம் இருக்கிறது, அங்கே ஆப்பிள்களும் பேரிக்காய்களும் உண்டு, சிறு குதிரைகள் உண்டு, உன் தோழர்களையும் அழைத்துக்கொண்டு நீ அங்கே வரலாம் என்று குழந்தையின் மொழியிலேயே மோட்சத்தைக் காட்டிய கடிதம் அது. அதே காலத்தில் கத்தரீனாள் ஒரு வயது மகதலேனாளின் படம் ஒன்றைக் கோட்டைக்கு அனுப்பினாள். படம் இருண்டிருந்ததால் லுத்தர் முதலில் மகளை அடையாளம் காணவில்லையாம். பிறகு உணவு அறையின் சுவரில் அதை மாட்டிவைத்தார். தம் தகப்பனார் இறந்த செய்தி அந்நாள்களில்தான் அவரை எட்டியிருந்தது. அப்படம் அவருக்குப் பெரும் ஆறுதல் அளித்ததென்று உடனிருந்த வைட் டீட்ரிக் கத்தரீனாளுக்கு எழுதினார்.

இனி 1542ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்டு மாத இறுதியில் லுத்தர் 16 வயது ஹான்சை டோர்காவ் நகரிலுள்ள இலத்தீன் பள்ளிக்கு அனுப்பினார். விட்டன்பர்கிலிருந்து எல்பே நதியின் மேல்திசையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் அது. மார்க்கஸ் குரோடல் என்பவர் அங்கே ஆசிரியர். இலக்கணமும் இசையும் ஒழுங்கும் மகன் கற்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கத்தரீனாளின் சகோதரர் மகன் புளோரியானும் உடன் சென்றான். (இந்தப் புளோரியான் புறப்படும்போது சிறுவன் பவுலின் கத்தியை எடுத்துக்கொண்டு அதைப்பற்றிப் பொய்யும் சொன்னான் என்று கேள்விப்பட்ட லுத்தர், மூன்று நாள் அவனுக்குப் பிரம்படி கொடுக்கும்படி உடனே ஆசிரியருக்கு எழுதினார். அவ்வீட்டின் கண்டிப்பு எத்தகையது என்று இதனால் விளங்கும்.)

ஒரு மாதம் நிறைவதற்குள் மகதலேனாள் நோயுற்றாள். செப்டம்பர் 16ஆம் நாள் லுத்தர் குரோடலுக்கு எழுதிய கடிதம் நம் கையில் உள்ளது. மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள், அண்ணனைக் காண ஏங்குகிறாள், இருவரும் ஒருவரையொருவர் மிகவும் நேசித்தவர்கள், அவன் வந்தால் அவள் ஒருவேளை தேறக்கூடும், வண்டி அனுப்பியிருக்கிறேன், காரணத்தை மட்டும் அவனிடம் சொல்லவேண்டாம். இதுவே கடிதத்தின் சாரம். பின்னாளில் மனச்சாட்சி தம்மைக் குற்றப்படுத்தாதபடிக்குத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் அவர் குறிப்பிடுகிறார். தங்கையின் பொருட்டு அண்ணனை வரவழைக்கவேண்டும் என்று உணர்ந்த தந்தை அவர். அதே வேளையில், எதற்காக வீட்டுக்குப் போகிறோம் என்றறியாமல் அந்தப் பிள்ளை 50 கிலோமீட்டர் வண்டியில் வந்தான். தங்கையின் முகத்தைக் கண்டபோதுதான் காரணம் அறிந்திருப்பான். அடக்கம் முடிந்தபின் மறுபடியும் டோர்காவுக்கு அனுப்பப்பட்டான்.

மகள் மரித்த மூன்றாம் நாள், செப்டம்பர் 23ஆம் தேதி, லுத்தர் தம் நண்பர் யுஸ்துஸ் யோனாசுக்கு எழுதியது இறையியல் மாணவர் அனைவரும் வாசிக்கவேண்டிய கடிதம். இத்தகைய பாக்கியமான முடிவுக்காக நானும் மனைவியும் நன்றி செலுத்தவேண்டியவர்களே. ஆனால் இயல்பான பாசத்தின் வல்லமை அவ்வளவு பெரிதாகையால் அழுகையும் பெருமூச்சுமின்றி எங்களால் அது கூடவில்லை. வேறெந்த மரணத்தோடும் ஒப்பிடத்தகாத கிறிஸ்துவின் மரணமுங்கூட இதை முழுவதும் அகற்றிவிட முடியவில்லை என்ற பொருள்பட எழுதுகிறார். சிலுவையின் இறையியலைப் போதித்தவர், சிலுவையைக் காட்டியே தம் கண்ணீரை அடக்க இயலவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எலிசபெத்து மரித்தபோதும், தம் உள்ளம் ஏறத்தாழ ஒரு பெண்ணின் உள்ளம்போல் ஆகிவிட்டதென்றும், பிள்ளைகள்மேல் தந்தையின் இதயம் இவ்வளவு நெகிழும் என்று தாம் எண்ணியதில்லை என்றும் நிக்கோலாஸ் ஹவுஸ்மனுக்கு எழுதியவர் அவரே.

இப்பின்னணியில்தான் டிசம்பர்க் கடிதங்கள் இரண்டையும் வாசிக்கவேண்டும். தங்கை மரித்து மூன்று மாதங்களுக்குப் பின்னும் ஹான்ஸ் டோர்காவில் அழுதுகொண்டிருந்தான். வீட்டுக்கு வர விரும்பினான். டிசம்பர் 26ஆம் நாள் லுத்தர் குரோடலுக்கு எழுதுகிறார்: தாயின் வார்த்தைகளாலும், அதனோடு சகோதரியின் மரணத்தாலும், மகன் மனந்தளர்ந்திருப்பதை நான் நம்புகிறேன், ஆனால் அந்தப் பெண்தன்மையான உணர்ச்சியை அடக்கி, துன்பத்தைச் சகிக்கப் பழகும்படி அவனிடம் கண்டிப்பாய்ப் பேசும், அவன் வெளியே அனுப்பப்பட்டது கற்பதற்கும் உறுதிப்படுவதற்குமே, இக்காரணத்துக்காக அவன் வீடு திரும்புவதை நான் விரும்பவில்லை, வேறு நோய் ஏதேனும் வந்தால் அறிவியும். மறுநாள் மகனுக்கே எழுதினார். வீட்டில் யாவரும் சுகம் என்று தொடங்கி, ஆண்மையோடு கண்ணீரை வென்றுவிடு, எளிதில் கவலைப்படும் உன் தாய்க்கு இன்னும் வேதனையைக் கூட்டாதே, உன்னை அங்கே வைத்த கடவுளுக்குக் கீழ்ப்படிந்து படிப்பில் ஊன்றி நில் என்று புத்தி சொல்கிறார்.

அக்கடிதத்தில் ஒரு சிறு விளக்கமும் உண்டு. அங்கே உனக்கு நலமில்லையானால் வீட்டுக்கு வந்துவிடு என்று கத்தரீனாள் மகனிடம் சொல்லியிருந்தாள். அவள் கருதியது கடும் நோயைத்தான் என்று லுத்தர் இப்போது தெளிவுபடுத்துகிறார். மகனோ தன் துக்கத்தையே நலமின்மை என்று கொண்டிருந்தான். தாய் உண்மையில் எதைக் கருதினாள்? அவள் இம்முறை தன் கையால் எழுதவில்லை. அவள் எண்ணத்தைக் கணவரே எடுத்துரைக்கிறார்.

லுத்தரை மாய்மாலக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். இரு மகள்களை அடக்கம் செய்த 59 வயது முதியவர், மூத்த மகனும் உருக்குலைந்து போவானோ என்று அஞ்சியிருக்கலாம். அழைப்பின் கடமையே துக்கத்துக்கு மருந்து என்பது அவருடைய உறுதியான போதனை. மேலும், பெற்றோர் பிள்ளைகள்மேல் வைக்கும் பாசத்தைப் படைப்பின் ஒழுங்கைச் சேர்ந்ததென்று அவர் கண்டதால், தம் கண்ணீருக்கு அவருடைய இறையியலில் இடம் இருந்தது. அண்ணன் தங்கைக்காக மூன்று மாதம் அழுவதற்கு அத்தகைய இடம் ஒன்று வகுக்கப்படவில்லை. ஆகவே ஒரே மரணத்தால் உண்டான ஒரே கண்ணீர், தந்தையின் கண்ணில் இயல்பான பாசமாகவும் மகனின் கண்ணில் தளர்ச்சியாகவும் பெயர் பெற்றது.

இக்கடிதத்தை நான் முதன்முறையாக வாசித்தபோது என் சொந்த ஊழியத்தின் தொடக்க ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. ஒரு கிராமச் சபையில் ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்று காய்ச்சலில் இறந்தது. அடக்கத்தின் மூன்றாம் நாள் நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். பெண்கள் தாயைச் சூழ்ந்திருந்தனர், ஆண்கள் தகப்பனோடு திண்ணையில் இருந்தனர். ஒன்பது வயது அண்ணன் மட்டும் வாசற்படியருகே தங்கையின் சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஐயா, நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் மட்டுந்தான் போகணுமா?" என்று கேட்டான். நான் அவன் தலையில் கை வைத்து, நீ ஆண்பிள்ளை, அழக்கூடாது, நீ அழுதால் அம்மா இன்னும் வருந்துவாள், நன்றாகப் படி என்றேன். பிறகு பெரியவர்களோடு ஜெபித்துவிட்டு வந்தேன். லுத்தர் மகனுக்கு எழுதிய மூன்று புத்திமதிகளும், நான் அறியாமலே, ஏறக்குறைய அதே வரிசையில் என் வாயிலிருந்து வந்திருந்தன.

வேதாகமத்திலும் இவ்வகைத் துக்கம் சில இடங்களில் மறைந்தே கிடக்கிறது. யோசேப்புக்காக யாக்கோபு இரட்டுடுத்திப் புலம்பியதை ஆதியாகமம் விரிவாகச் சொல்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த பென்யமீன், அண்ணன் இறந்தான் என்றே நம்பி வளர்ந்தவன், அந்நூல் முழுவதிலும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் தன் பத்துக் குமாரருக்கும் அண்ணனின் நினைவாகவே பெயரிட்டான் என்று யூத ரபீமார் விளக்கம் கூறினர். அந்த மௌனம் அவர்களையும் உறுத்தியிருக்கவேண்டும். மாறாக, யோவான் 11ஆம் அதிகாரத்தில் உடன்பிறந்தாரின் துக்கமே முன்னிற்கிறது. லாசருவின் தாயோ தகப்பனோ அங்கே காணப்படுவதில்லை. இரு சகோதரிகளே இருக்கின்றனர். இருவரும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்லுகின்றனர். ஆண்டவர் மார்த்தாளோடு உயிர்த்தெழுதலைப்பற்றி உரையாடுகிறார். மரியாள் அழக் கண்டபோதோ உபதேசம் எதுவும் செய்யவில்லை; கல்லறை எங்கே என்று கேட்டுத் தாமும் அழுகிறார். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர்.

ஹான்ஸ் டோர்காவிலேயே கிறிஸ்துமஸ் பண்டிகையைக் கழித்தான். 1546 பிப்ரவரியில் தந்தை காலமானபோது அவனுக்கு 19 வயது. தந்தையைப் போல இறையியலைத் தெரிந்துகொள்ளாமல் சட்டம் பயின்று, அரசாங்கப் பணியில் வாழ்ந்து, 1575ஆம் ஆண்டு மரித்தான். லுத்தரின் வரலாற்றை எழுதியவர்களுள் பலர் அவனைச் சிறப்பில்லாத மகன் என்று ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றனர். தங்கை அவனைக் காண ஏங்கினாள் என்பதும், அவன் வந்தால் அவள் பிழைப்பாளென்று வீட்டார் நம்பினார்கள் என்பதும், அவன் வந்தும் அவள் பிழைக்கவில்லை என்பதும் அவ்வரிகளில் இடம்பெறுவதில்லை.