மூட்டைப்பூச்சி மேல் விழுந்த பழி

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை நம் அனகாபுத்தூர், பம்மல் பக்கத்து ஆட்கள் பலர் கொரோனா பரிசோதனைக் காலத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தை மூட்டைப்பூச்சிக்கு ஊட்டி, அதன் வயிற்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பேட்டன்.

காரணம், ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு காய்ச்சல். மாதக்கணக்கில் விடாது. வயிறு உப்பும், மண்ணீரல் வீங்கும், உடம்பு எலும்பாகும். மலேரியா என்று கொயினா கொடுப்பார்கள், கேட்காது. 1903 ஜூன் 17 அன்று, ஜி.எச். டாக்டர் சார்லஸ் டோனவன் 12 வயதுப் பையன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் கிருமியைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவர் சில வாரம் முன்பு இதையே எழுதியிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று வைத்தார். அந்தப் பையனின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. அதுதான் காலா அசார்.

கிருமி கிடைத்தது, பரப்புவது யார்? நோய் சில தெருக்களிலேயே சுற்றியது. ஆகவே வீட்டுக்குள் இருந்து ராத்திரியில் கடிக்கும் ஒன்றுதான் என்று நினைத்தார்கள். தெருநாய்களையும் டோனவன் சோதித்தார், கிருமி இல்லை. பேட்டனின் மூட்டைப்பூச்சி வயிற்றிலோ கிருமி உருமாறி வளர்ந்தது. 1907இல் அறிக்கையே போட்டுவிட்டார். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தறி ஓடும் நம் ஊர் வீடுகளிலும் கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றாத வீடு உண்டா?

ஆனால் வயிற்றில் வளர்வது வேறு, கடித்து இன்னொருவருக்குக் கொடுப்பது வேறு. என் அபிப்பிராயத்தில் இந்தக் கதையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடமே இதுதான்.

உண்மையான ஆள் மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது. சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவத்து ஈரமண்ணிலும் பிறந்து, ராத்திரியில் சத்தமில்லாமல் கடிக்கும். 1920களில் சிண்டன் அந்த ஈ இருக்கும் இடத்தையும் நோய் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தின. ஆனாலும் நிரூபிக்க முடியவில்லை. ரத்தம் குடித்த ஈ மறுபடி கடிக்கும் முன்பே செத்துப்போயிற்று. பிறகு உலர்ந்த திராட்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஈ பிழைத்தது, உள்ளே கிருமியும் பெருகியது. 1942இல் அஸ்ஸாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும், தாங்களாக முன்வந்த மனிதர்களை அந்த ஈக்களைக் கடிக்கவிட்டு நோய் வருவதைக் காட்டினார்கள்.

டோனவன் கிருமியைப் பார்த்து அதற்குள் 39 வருஷம் ஓடியிருந்தது. மருந்து மட்டும் முன்பே வந்துவிட்டது, 1922இல் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடித்த யூரியா ஸ்டிபமைன்.