கடல் அடைக்கப்படும் காலம்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் கடற்கரையை நாடிச் செல்கின்றன. காற்று வாங்கும் இடமாகவே கடலை நாம் அறிந்திருக்கிறோம். நம் முன்னோர்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருந்தது. கோடையின் உச்சத்தில் அரபிக்கடல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் மனிதனுக்குத் திறவாது என்பது அவர்கள் கற்றிருந்த பாடம். கப்பலையும் காற்றையும் இறைவனின் அத்தாட்சிகளாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த அத்தாட்சிகளை நாள் கணக்கும் நட்சத்திரக் கணக்கும் வைத்துப் படித்த ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இவ்விதழில் எழுத விழைகிறேன்.

'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லுக்குக் குறிக்கப்பட்ட காலம் என்று பொருள். ஹஜ்ஜின் காலத்தையும் அச்சொல்லால் அழைப்பர். கப்பல் புறப்படும் காலத்தையும் அதே சொல்லால் அழைப்பர். அதுவே போர்த்துகீசியர் வாயில் திரிந்து, பின்னர் உலகமெங்கும் 'மான்சூன்' ஆயிற்று. நாம் நாள்தோறும் புழங்கும் 'மாலுமி' என்ற சொல்லும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவமே. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கும் நடுக்கடலில் திசை காட்டுபவருக்கும் ஒரே பட்டம் வழங்கியதை நான் மிகவும் விரும்பி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்த முஅல்லிம்களில் தலைசிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமா பகுதியிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர். 1490 வாக்கில் அவர் எழுதி முடித்த 'கிதாபுல் ஃபவாயித்' என்ற நூலில் கடற்பயணக் காலங்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். தென்மேற்கிலிருந்து வீசுவது 'கவ்ஸ்', வடகிழக்கிலிருந்து வீசுவது 'அஸ்யப்'. கவ்ஸ் காற்றின் தொடக்கத்தில் சில வாரங்களும் இறுதியில் சில வாரங்களும் மட்டுமே அரபு, ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து இந்தியாவுக்கு வர ஏற்றவை. இடைப்பட்ட ஜூன், ஜூலை, ஆகஸ்டின் முற்பகுதி ஆகியவற்றுக்கு 'கல்குல் பஹ்ர்', அதாவது கடல் அடைப்பு என்று பெயர்.

அக்காலத்தில் அங்கே நடப்பது என்ன? கோடை வெயிலில் ஆசியப் பெருநிலம் காய்கிறது. அதன் மேலிருக்கும் காற்று இலேசாகி உயர்கிறது. தென் இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளை ஒட்டிய உயர் அழுத்தப் பகுதியிலிருந்து காற்று பூமத்திய ரேகையைக் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் ஓரமாக நெருக்குண்டு, சோமாலியாவுக்கும் ஸுகுத்ரா தீவுக்கும் அப்பால் பெரும் வேகத்தில் பாய்கிறது. ஜூலையில் அங்கே இரண்டு ஆள் உயரத்திற்கு மேலான அலைகள் வியப்புக்குரியவை அல்ல. அதே காற்று மேல்நீரைத் தள்ளிவிடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. சுற்றிலும் பாலைவனம் கொதிக்கும்போது ஓமானின் ஸலாலாவில் மட்டும் மூடுபனியும் தூறலுமாக மலைகள் பசுமை பூணுவது இதனால்தான்.

எல்லாக் கடலும் ஒரே வேளையில் கொந்தளிப்பதில்லை என்பதையும் அன்றே கவனித்திருந்தனர். இந்தியக் கடல் கொந்தளிக்கும்போது பாரசீகக் கடல் அடங்கியிருக்கும், இது அடங்கும்போது அது எழும் என்று பத்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி பதிவு செய்திருக்கிறார்.

காலம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு வாஸ்கோடகாமாவின் பயணமே சான்று. 1498 ஏப்ரல் 24 அன்று, இன்றைய கென்யாவிலுள்ள மலிந்தியிலிருந்து, உள்ளூரில் கிடைத்த வழிகாட்டி ஒருவருடன் அவர் புறப்பட்டார். கவ்ஸ் காற்றின் தொடக்கம் அது. மே 20 வாக்கில் கோழிக்கோட்டுக் கரையை அடைந்துவிட்டார். திரும்பும்போது அஸ்யப் காற்று நிலைபெறும் வரை காத்திராமல் அக்டோபர் 5 அன்று அஞ்சதீவிலிருந்து கிளம்பினார். நான்கு வாரங்களுக்கும் குறைவாகக் கடந்த அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன. ஈறு வீங்கும் நோயால் சுமார் 30 பேர் வழியிலேயே மாண்டனர். (அந்த வழிகாட்டி இப்னு மாஜித்தான் என்று நம் மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். போர்த்துகீசியப் பதிவுகள் அவரைக் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றன. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் மேடைக் கதையை ஏற்பதில்லை. இப்னு மாஜிதின் பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை.)

சகோதரர்களே! இனி ஹஜ்ஜுக்கு வருவோம். ஹஜ் பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாட்கள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். காற்றோ சூரியனின் கணக்கில் வீசுவது, அது நகராது. அதனால்தான் முஅல்லிம்கள் வணக்கத்திற்கு ஹிஜ்ரி மாதத்தையும், பாய் விரிப்பதற்கு 'நைரூஸ்' என்ற சூரிய ஆண்டின் நாள் எண்ணையும் வைத்துக்கொண்டனர். இப்னு மாஜிதின் காலத்தில் அந்த ஆண்டு நவம்பர் நடுவில் தொடங்கியது. நைரூஸின் இத்தனையாவது நாளுக்கு முன் இன்ன துறையிலிருந்து புறப்பட வேண்டும், தவறினால் அவ்வாண்டுக்குப் பயணமில்லை என்று துறைதோறும் எழுதி வைத்திருக்கிறார்.

முகலாயர் காலத்தில் சூரத்திலிருந்து சென்ற ஹாஜிகளை நினைத்துப் பாருங்கள். கடல் அடைபடுமுன், மார்ச் வாக்கில் கப்பல் ஏறுகிறார் ஒருவர். அவ்வாண்டு ஹஜ் ஜூலையில் வந்தால், முடித்துவிட்டு ஆகஸ்டு காற்றில் திரும்பி, செப்டம்பரில் ஊர் வந்து சேரலாம். ஹஜ் அக்டோபரில் வந்தாலோ கணக்கு மாறிவிடும். ஆறு மாதம் அங்கே காத்திருக்க வேண்டும். ஹஜ் முடிந்த பின் இந்தியா நோக்கி வீசும் காற்றுக்காக மறு ஆண்டு வரை தங்க வேண்டும். வீட்டில் விட்டு வந்த குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும். அக்பரின் அத்தை குல்பதன் பேகம் 1576இல் சூரத்திலிருந்து புறப்பட்டார். திரும்புகையில் ஏடன் அருகே கப்பல் உடைந்து பல மாதங்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. ஃபத்தேபூர் சிக்ரிக்கு அவர் வந்து சேர்ந்தது 1582இல். அரச குடும்பத்தாருக்கே இந்த நிலை.

நம் முன்னோர்கள் கடலுக்கு அஞ்சாமல் தவக்குல் ஒன்றையே துணையாகக் கொண்டு எந்நாளும் பாய் விரித்தனர் என்று சிலர் உணர்ச்சியுடன் பேசுகின்றனர். அவர்கள் எழுதிய நூல்களைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. எந்த நாளில் புறப்படக் கூடாது என்பதையும் அவர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கின்றனர்.

உதுமானியக் கடற்படைத் தளபதி சீதி அலீ ரயீஸின் வரலாறு இவ்வகையில் தனிச் சிறப்புடையது. பஸராவில் நின்றிருந்த 15 போர்க்கப்பல்களைச் சூயஸுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1554 ஜூலையில் புறப்பட்டார். ஆகஸ்டில் ஓமான் கரையில் போர்த்துகீசியருடன் இருமுறை போரிட்டுக் கப்பல்கள் சிலவற்றை இழந்தார். எஞ்சியவை திறந்த கடலுக்குத் தள்ளப்பட்டன. அங்கே மேற்கிலிருந்து எழுந்ததை 'யானைப் புயல்' என்று அவரே தம் பயண நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இரவு எது பகல் எது என்று தெரியாத நிலையில் குஜராத் கரையில் ஒதுங்கினார். கப்பல்கள் இனிப் பயணத்திற்கு உதவா என்றாயின. சுமார் 50 பேருடன் தரைவழியே கிளம்பி, டில்லியில் ஹுமாயூனைச் சந்தித்து, அவருடைய மரணத்தையும் உடனிருந்து கண்டு, ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக 1557இல்தான் இஸ்தான்பூல் திரும்பினார்.

அகமதாபாத்தில் தங்கியிருந்தபோது அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். இப்னு மாஜிதும், ஹள்ரமௌத் பகுதியின் ஸுலைமான் அல் மஹ்ரியும் எழுதியவற்றைத் திரட்டித் துருக்கி மொழியில் 'முஹீத்' என்ற நூலை 1554இலேயே எழுதி முடித்தார். எந்த நாளில் எந்தத் துறையிலிருந்து புறப்பட வேண்டும் என்ற பட்டியல்கள் அதில் இருக்கின்றன. கப்பல்களை இழந்த தளபதி, தமக்குப் பின் வருவோருக்காக அதைச் செய்தார்.

நீராவிக் கப்பல் வந்த பின் காற்றை எதிர்த்துச் செல்ல முடிந்தது. ஆயினும் கோடை அலை குறையவில்லை. கொழும்பிலிருந்து மேற்கே சென்ற 'ஏடன்' என்ற நீராவிக் கப்பல் 1897 ஜூன் 9 அன்று ஸுகுத்ராவின் பாறையில் மோதியது. கரை அருகில்தான் இருந்தது. கடல் இறங்க விடவில்லை. 17 நாட்கள் கழித்து மீட்புக் கப்பல் வந்தபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். கடல் அடைப்பின் நடுவே நிகழ்ந்தது அது.

இன்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. மீன்கள் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட தடைதான். ஆனால் அது பழைய அடைப்பின் நாட்களுக்குள்ளேயே வந்து அமைந்திருக்கிறது. கரையில் நிற்போருக்கு அவ்வாறு தடை எதுவுமில்லை. கோடையில் தென்கடலின் தொலைவிலே எழும் பேரலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் ஓசையின்றி வந்து அறையும். அதைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை கொண்டு சென்றது. முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலை எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிட்டு வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் செய்யப்படும் அறிவிப்புகளோடு அதையும் ஓரிரு வரிகளில் வாசித்துவிடக் கரையோர ஜமாஅத்தார் ஏற்பாடு செய்யலாம். எங்கள் நிர்வாகிகளிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.