டொலுயீன்

டொலுயீன் நிறமற்ற, எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் கரைப்பான். பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி இணைந்தது. வாய்பாடு C₇H₈. கொதிநிலை 110.6° செ., உருகுநிலை −95° செ., அடர்த்தி 0.87 கி./மி.லி. நீரில் அரிதாகவே கரையும். எண்ணெய், பிசின், ரப்பர் ஆகியவற்றை நன்கு கரைக்கும்.

1837இல் பெல்த்தியே, வால்ட்டர் ஆகிய வேதியியலாளர்கள் பைன் பிசினிலிருந்து இதைப் பிரித்தனர். இன்று பெரும்பாலும் பெட்ரோலிய நாப்தாவிலிருந்து கிடைக்கிறது.

பெயின்ட் தின்னர், பசை, அச்சு மை, மருந்து, பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் பயன்படுகிறது. பாலியூரித்தேன் நுரைக்கான டைஐசோசயனேட்டுக்கும் டிஎன்டி வெடிமருந்துக்கும் இதுவே மூலப்பொருள். புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனுக்கு மாற்றாகப் பரவியது, ஆயினும் தீங்கற்றதன்று. ஆவியைச் சுவாசித்தால் தலைசுற்றல், மயக்கம் வரும். நெடுநாள் பட்டால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். பெயின்டர்கள் தின்னரால் கை கழுவும் வழக்கம் தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி வெடிப்பை உண்டாக்குகிறது.

தீப்பற்றுநிலை ஏறத்தாழ 4° செ. மட்டுமே. எனவே கடலூரின் மார்கழிக் குளிரிலும் திறந்த பீப்பாயின் ஆவி தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஆவி காற்றைவிட மும்மடங்கு கனமானது, தரையோடு பரவிப் பள்ளங்களில் தங்கும். டேங்கரிலிருந்து இறக்கும்முன் நிலைமின்னைக் கடத்த எர்த் கம்பி பொருத்துவது கட்டாயம்.

கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் தொழில் வளாகத்தின் மருந்து, பூச்சிக்கொல்லி, சாயத் தொழில்கள் இத்தகைய கரைப்பான்களைச் சார்ந்தவை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக அறிவித்தது.