ஆங்கில வாக்கிய மாற்றமும் பிழை திருத்தமும்

ஆங்கில வாக்கிய மாற்றம் என்பது, ஓர் ஆங்கில வாக்கியத்தின் பொருள் மாறாமல் அதன் இலக்கண அமைப்பை மட்டும் மாற்றி எழுதும் பயிற்சி ஆகும். பிழை திருத்தம் என்பது, தரப்பட்ட வாக்கியத்தில் இலக்கணத்துக்கு முரணான பகுதியைக் கண்டறிந்து சரியான வடிவத்தை எழுதுவதாகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கான தேர்வுகளில் இவ்விரண்டும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும், இந்தியாவின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் போட்டித் தேர்வுகளிலும் இத்தகைய வினாக்கள் கேட்கப்படுகின்றன. இக்கட்டுரையில் ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

பின்னணி

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் ஆங்கில இலக்கணம் கற்பிக்க எழுதப்பட்ட பாடநூல்களின் வழியாக இப்பயிற்சி முறை பள்ளிகளில் வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் உயர்நிலைப் பள்ளி இலக்கண நூலும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். 1924இல் வெளிவந்த 'பியூ ஜெஸ்ட்' என்னும் புதினத்தின் ஆசிரியரும் அவரே. இந்நூல் பின்னர் பிரசாத ராவ் என்பவரால் திருத்தப்பட்டு இன்றும் இந்தியப் பள்ளிகளில் பயன்பாட்டில் உள்ளது.

கேம்பிரிட்ஜ் நடத்தும் ஆங்கிலத் தேர்வுகளில் இப்பயிற்சி வேறு வடிவம் பெற்றுள்ளது. அங்கு முழு வாக்கியத்தையும் மாற்றி எழுதுமாறு கேட்பதில்லை. முதல் வாக்கியமும், இடைவெளி விடப்பட்ட இரண்டாம் வாக்கியமும், மாற்றமின்றிப் பயன்படுத்த வேண்டிய ஒரு சொல்லும் தரப்படும். பி-2 நிலைத் தேர்வில் அச்சொல்லையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களால் இடைவெளியை நிரப்ப வேண்டும்.

பொருள் மாறாமை

வாக்கிய மாற்றத்தின் அடிப்படை விதி பொருள் மாறாமை. ஆயினும் பயிற்சி நூல்கள் பலவும் சொற்களை இடம் மாற்றும் வாய்பாடாகவே இதைக் கற்பிக்கின்றன. வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் சற்றே மாறுபட்ட வினாவில் மதிப்பெண் இழப்பது இதனாலேயே.

ஒப்பீட்டு வாக்கியங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 'சென்னை இஸ் த லார்ஜஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு' என்பது உயர்வுப் படி. இதை ஒப்பீட்டுப் படிக்கு மாற்றினால் 'சென்னை இஸ் லார்ஜர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு' என்றாகும். இங்கு 'அதர்' என்னும் சொல் விடுபட்டால் வாக்கியம் பிழையாகும். சென்னையும் தமிழ்நாட்டு நகரங்களுள் ஒன்றாதலால், சென்னை தன்னைவிடவே பெரியது என்ற பொருந்தாப் பொருள் வந்துவிடும். ஆனால் 'சென்னை இஸ் லார்ஜர் தேன் எனி சிட்டி இன் கேரளா' என்னும் வாக்கியத்தில் 'அதர்' சேர்ப்பதே பிழை. சென்னை கேரளத்து நகரம் அன்று. 'எனி' வந்தால் 'அதர்' வரும் என்று மனப்பாடம் செய்தவர் இவ்விடத்தில் தவறுவார். ஒப்பிடப்படும் பொருள் அத்தொகுதிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்ப்பவர் தவற மாட்டார்.

இயல்புப் படியில் இதே வாக்கியம் 'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஏஸ் லார்ஜ் ஏஸ் சென்னை' என்று அமையும். 'ஒன் ஆஃப் த லார்ஜஸ்ட் சிட்டீஸ்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு இது பொருந்தாது. அதற்கு 'வெரி ஃப்யூ சிட்டீஸ்' என்று தொடங்க வேண்டும். 'சிட்டீஸ்' என்ற பன்மையைக் கவனிக்க வேண்டும். 'ஒன் ஆஃப்' என்பதை அடுத்து ஒருமைப் பெயரை எழுதுவது பிழை திருத்தப் பகுதியில் மிகுதியாகக் கேட்கப்படும் பிழைகளுள் ஒன்று.

'டூ... டு' என்னும் அமைப்பை 'ஸோ... தட்' என மாற்றுவதிலும் இத்தகைய நுட்பம் உண்டு.

'த டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்.'
'த டீ இஸ் ஸோ ஹாட் தட் வீ கேனாட் ட்ரிங்க் இட்.'

முதல் வாக்கியத்தில் இறுதியில் 'இட்' வரக்கூடாது. இரண்டாவதில் வந்தே தீர வேண்டும். தமிழில் 'தேநீர் மிகச் சூடாக இருப்பதால் குடிக்க முடியவில்லை' என்று செயப்படுபொருளைச் சொல்லாமலே விட்டுவிடலாம். அப்பழக்கத்தால் இரண்டாம் வாக்கியத்தில் 'இட்' விடுபடுகிறது. மேலும், முதல் வாக்கியத்தில் எதிர்மறைச் சொல் இல்லாவிடினும் எதிர்மறைப் பொருள் உண்டு. இரண்டாவதில் அது 'கேனாட்' என வெளிப்படுகிறது.

'இஃப்... நாட்' என்பதை 'அன்லெஸ்' என மாற்றும்போது நிலைமை நேர்மாறானது. 'அன்லெஸ்' என்ற சொல்லிலேயே எதிர்மறை அடங்கியுள்ளது. 'இஃப் யு டு நாட் ஹரி, யு வில் மிஸ் த பஸ்' என்பது 'அன்லெஸ் யு ஹரி, யு வில் மிஸ் த பஸ்' என்றாகும். 'அன்லெஸ் யு டு நாட் ஹரி' என்று எழுதினால், விரைந்தால் பேருந்தைத் தவறவிடுவாய் என்று பொருள் தலைகீழாகிவிடும்.

செய்வினையும் செயப்பாட்டுவினையும்

செய்வினை வாக்கியத்தின் செயப்படுபொருள் செயப்பாட்டுவினையில் எழுவாயாகும். காலம் மாறாமல் 'பி' என்னும் துணைவினையின் உரிய வடிவமும், முதன்மை வினையின் மூன்றாம் வடிவமும் வரும். 'சம்வன் ஹேஸ் ஸ்டோலன் மை பைசிக்கிள்' என்பது 'மை பைசிக்கிள் ஹேஸ் பீன் ஸ்டோலன்' என்றாகும். செய்தவர் யாரெனத் தெரியாதபோது 'பை சம்வன்' என்று சேர்ப்பது தேவையற்றது. 'டை', 'ஸ்லீப்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குச் செயப்பாட்டுவினை இல்லை.

இரண்டு செயப்படுபொருள்கள் உள்ள வினைகள் தமிழ் மாணவருக்குத் தடையாக அமைகின்றன. 'ஹி கேவ் மி எ புக்' என்பதை 'எ புக் வாஸ் கிவன் டு மி' என்றும், 'ஐ வாஸ் கிவன் எ புக்' என்றும் மாற்றலாம். இரண்டாவதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் நினைத்தால் 'நான் ஒரு நூல் கொடுக்கப்பட்டேன்' என்ற பொருந்தாத் தொடர் கிடைக்கும். எனவே பலர் அதைப் பிழை எனக் கருதி ஒதுக்குகின்றனர். ஆங்கிலத்தில் இவ்வடிவமே மிகுதியாக வழங்குகிறது.

ஏவல் வாக்கியங்களுக்கு இலக்கண நூல்கள் தரும் 'லெட் த டோர் பி ஷட்' என்னும் வடிவம் அன்றாட ஆங்கிலத்தில் அரிது. எனினும் தேர்வில் எதிர்பார்க்கப்படுவது அதுவே.

செய்வினையும் செயப்பாட்டுவினையும் எப்போதும் ஒரே பொருள் தருவதில்லை. எண்ணிக்கைச் சொற்கள் வரும் வாக்கியங்களில் பொருள் வேறுபடக்கூடும் என்பதை நோம் சோம்சுக்கி 1957இல் வெளியிட்ட 'சிண்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். 'எவ்ரி ஸ்டூடண்ட் ரெட் டூ புக்ஸ்' என்பதில் ஒவ்வொரு மாணவரும் வெவ்வேறு இரு நூல்களைப் படித்திருக்கலாம். 'டூ புக்ஸ் வேர் ரெட் பை எவ்ரி ஸ்டூடண்ட்' என்றால், அனைவரும் படித்தவை குறிப்பிட்ட அதே இரு நூல்கள் என்ற பொருளே முதலில் தோன்றும். தேர்வுகள் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை.

நேர்கூற்றும் அயற்கூற்றும்

தமிழரின் பிழைகள் மிகுதியாகக் காணப்படும் பகுதி இதுவே. இதற்குக் காரணம் தமிழின் 'என்று' என்னும் சொல். நேர்கூற்றை அப்படியே வைத்து 'என்று' சேர்த்தால் தமிழ் வாக்கியம் நிறைவுறுகிறது. 'நான் நாளை வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'நான்' என்பது சொன்னவனையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'தட்' என்ற சொல்லை இதற்கு நிகராகக் கொண்டு 'ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதினால், இலக்கணம் பிழையாவதோடு வருபவரே மாறிவிடுகிறார். அங்கு 'ஐ' என்பது இச்செய்தியை நமக்குச் சொல்பவரைக் குறிக்கும். சரியான வடிவம் வருமாறு:

நேர்கூற்று: 'ஹி செட், "ஐ வில் கம் டுமாரோ."'
அயற்கூற்று: 'ஹி செட் தட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே.'

இங்கு இடப்பெயர், வினையின் காலம், காலம் காட்டும் சொல் ஆகிய மூன்றும் மாறியுள்ளன. இம்மாற்றங்கள் அனைத்தும் ஒரே காரணத்தால் நிகழ்பவை: பேச்சு நிகழ்ந்த இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் விலகி நிற்கும் மற்றொருவர் அதைத் தெரிவிக்கிறார். அதே நாளில் தெரிவித்தால் 'டுமாரோ' என்பதை மாற்ற வேண்டியதில்லை. தேர்வுகளிலோ வேறொரு நாளில் தெரிவிப்பதாகவே கொள்ளப்படுகிறது. என்றும் மாறாத உண்மைகளுக்கு நிகழ்காலமே நிலைக்கலாம்.

வினா வாக்கியத்தை அயற்கூற்றாக்கும்போது வினாவுக்குரிய சொல் வரிசை நீங்கும். 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்' என்பது சரி. 'வேர் டிட் ஐ லிவ்' என்பது தவறு. 'டு யு நோ வேர் இஸ் ஹி?' என்னும் பரவலான பிழையும் இவ்வகையினதே. 'வேர் ஹி இஸ்' என்பதே சரி.

தனி, கூட்டு, கலவை வாக்கியங்கள்

ஒரே கருத்தை மூவகை வாக்கியங்களிலும் சொல்லலாம்.

தனி வாக்கியம்: 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி, ஹி இஸ் ஆனஸ்ட்.'
கூட்டு வாக்கியம்: 'ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்.'
கலவை வாக்கியம்: 'தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்.'

ஒன்றின் இணைப்புச் சொல்லை மற்றொன்றில் கலப்பதே இங்கு நேரும் பிழை. 'தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்' என்பதில் கூட்டு வாக்கியத்தின் 'பட்' கலவை வாக்கியத்தில் நுழைந்துள்ளது. 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதை அடுத்துப் பெயர்ச்சொல்லோ 'இங்' ஈற்று வடிவமோ வரும். முழு வாக்கியம் வராது. 'டெஸ்பைட்' என்பதன் பின் 'ஆஃப்' வராது.

எச்சத் தொடர்கள் தனிக் கவனம் வேண்டுபவை. தமிழில் 'சாலையில் நடந்து போகும்போது ஒரு நாய் கடித்துவிட்டது' என்று சொன்னால் நடந்தவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. இதையே 'வாக்கிங் அலாங் த ரோட், எ டாக் பிட் மி' என்று எழுதினால், நடந்து சென்றது நாய் என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் தொடக்கத்தில் வரும் எச்சத் தொடர் முதன்மை வாக்கியத்தின் எழுவாயைத் தழுவ வேண்டும் என்பது தேர்வு விதி. 'வைல் ஐ வாஸ் வாக்கிங் அலாங் த ரோட், எ டாக் பிட் மி' என்பது திருத்திய வடிவம்.

பிற பிழைகள்

தமிழில் 'பற்றி விவாதித்தல்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகின்றனர். 'டிஸ்கஸ்' என்பதற்கு முன்னிடைச்சொல் தேவையில்லை. 'நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் சொல்ல இயலும். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' போன்று முடிந்த காலத்தைக் குறிக்கும் சொல்லுடன் 'ஹேஸ் கம்' வராது, 'கேம்' என்றே வரும். 'இல்லையா' என்பது எல்லா வாக்கியத்துக்கும் பொருந்துவது போல 'இஸின்ட் இட்' பொருந்தாது. 'ஷி சிங்ஸ் வெல்' என்பதற்கு 'டசின்ட் ஷி' என்பதே உரிய வினா ஒட்டு. 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றுக்குப் பன்மை வடிவம் இல்லை. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. 'நோ சூனர்' என்று தொடங்கினால் 'டிட்' போன்ற துணைவினை எழுவாய்க்கு முன் வரும். பின்னால் 'தேன்' வரும், 'வென்' வராது.

தேர்வு வழக்கும் நடைமுறை வழக்கும்

தேர்வில் பிழையாகக் கொள்ளப்படுபவை அனைத்தும் ஆங்கிலேயர் எழுத்தில் பிழையாகக் கொள்ளப்படுவதில்லை. 'இஃப் ஐ வாஸ் யு' என்பது பேச்சில் இயல்பாக வழங்குகிறது. தேர்வில் 'இஃப் ஐ வேர் யு' என்றே எழுத வேண்டும். 'நன்' என்னும் சொல்லுக்குப் பன்மை வினையும் வழங்குகிறது. பழைய பாடநூல்களைப் பின்பற்றுவோர் ஒருமையையே ஏற்பர். 'டு' என்பதற்கும் வினைக்கும் இடையே வினையடை வருவதை இன்றைய வழக்குக் கையேடுகள் பெரும்பாலும் ஏற்கின்றன. இத்தகைய இடங்களில் மரபு வடிவத்தை எழுதுவதே மாணவருக்குப் பாதுகாப்பானது. பிழை திருத்த வினாவில் ஐயத்துக்குரிய இத்தகைய வடிவத்தோடு எழுவாய்–வினை இயைபு போன்ற தெளிவான பிழையும் இருந்தால், கேட்கப்பட்டது பின்னதாகவே இருக்கும்.